30 சதவீதம் 50 ஆக மெடிக்கல் போர்டு தேவையில்லை

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து, பணிக்காலம் முடிந்து 2009-இல் ஓய்வு பெற்றேன். ஊர் வேலூர் மாவட்டம். பணியின்போது முதுகுத்தண்டில் காயம்பட்டது. வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு, பணியால் ஏற்பட்ட ஊனம், 30 சதவீதம், ஆயுள் முழுவதற்கும் என்று எழுதியது. அதற்கான டிஸெபிளிட்டி பென்ஷன் வருகிறது. இப்போது வலி கூடி, இடது கால் மரத்துப்போகிறது. மறுபடி போர்டு போட்டு 75 சதவீதம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வரும் அரியரில் 20 சதவீதம் அவருக்காம். வெற்றுத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் வழக்கறிஞர் என்றால், கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. வழக்கறிஞர் இல்லை என்றால், அவர் செய்யப்போவதை நீங்களே செய்துகொள்ளலாம். தவிர, இனி வரவேண்டிய பென்ஷனை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால் அது செல்லாது என்று 1871-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம், பிரிவு 12 சொல்கிறது.

சரி, பென்ஷன் கூடுமா? கூடும். ஆனால் அவர் காட்டும் வழியில் போனால் உள்ளதும் போகலாம்.

முதலில் உங்கள் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் உத்தரவை) எடுத்துப் பாருங்கள். பணிக்காலத்துக்கான சர்வீஸ் எலிமென்ட், ஊனத்துக்கான டிஸெபிளிட்டி எலிமென்ட் என்று இரண்டு இருக்கும். இரண்டாவதில் இன்னும் 30 என்றே இருந்தால், உங்களுக்கு 'ரவுண்டிங் ஆஃப்' தரப்படவில்லை என்று பொருள். 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 1996 முதல் உள்ள சலுகை. ஊனத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று பாதுகாப்பு அமைச்சகம் சொல்லிவந்தது. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-இல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. நீங்கள் இந்த இரண்டாவது வகை. போர்டு எழுதிய 30-ஐ வைத்தே 50-க்கான பணம் கேட்கலாம். எந்த டாக்டரும் உங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

கணக்குக்காக ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீத ஊனத்துக்கான தொகை அதில் 30 சதவீதம், அதாவது 12,000. உங்கள் 30-க்கு 3,600 வரும். 50 ஆக்கினால் 6,000. மாதம் 2,400 வித்தியாசம், அதன் மேல் அகவிலைப்படி தனி.

இப்போது அந்த ஆள் சொல்லும் மெடிக்கல் போர்டுக்கு வருவோம். ஆயுளுக்கும் என்று எழுதிய ஊனத்தை 2001 முதல் யாரும் தானாக மறுபரிசீலனை செய்வதில்லை. நீங்களாகக் கேட்டால் மட்டுமே ரிவ்யூ போர்டு, அதாவது ஊனத்தை மறுபடி அளக்கும் மெடிக்கல் போர்டு. அது 30-ஐ 40 ஆக்கினால் உங்களுக்கு ஒரு பைசா கூடாது, ஏனென்றால் 40-ம் ரவுண்டிங்கில் அதே 50தான். 50-ஐத் தொட்டால்தான் 75-க்குப் போவீர்கள். மாறாக, குறைத்து 20-க்குக் கீழே எழுதிவிட்டால் டிஸெபிளிட்டி எலிமென்டுக்கே ஆபத்து. போர்டின் முடிவைத்தான் இறுதி என்பார்கள். இதை அந்த 75 சதவீதக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. ஆர்மி நம்பர், பி.பி.ஓ. எண், டிஸ்சார்ஜ் ஆன தேதி, 30 சதவீதம் ஆயுளுக்கும் என்ற விவரம் எழுதி, ராம் அவ்தார் தீர்ப்பைக் குறிப்பிட்டு, ஓய்வு பெற்ற நாளிலிருந்தே 50 ஆக்கி நிலுவையோடு தரும்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மெடிக்கல் போர்டு தாள் (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16) கையில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே அலுவலகத்தில் நகல் கேட்கலாம். எழுதத் தயக்கமாக இருந்தால் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

'நீங்கள் இன்வாலிட் ஆகி (ஊனத்தால் பாதியில் அனுப்பப்பட்டு) வரவில்லை, அதனால் இல்லை' என்று பதில் வரலாம். வந்தால் நல்லது என்றே சொல்வேன். அந்தத் தாளை வைத்து ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். பதிலே வராவிட்டால், கடிதம் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் போடலாம். 2009-இல் வந்தவர் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். மாதாமாதம் குறைத்துத் தரும் பென்ஷன் தொடரும் தவறு என்பதால் தாமதத்துக்காக வழக்கைத் தள்ள முடியாது. ஆனால் தர்சேம் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவையை மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்திய வழக்குகள் உண்டு. கேட்கும்போது முழுவதும் கேளுங்கள். ஆனால் அந்த மூன்று வருடக் கணக்கை மனதில் வைத்துச் சீக்கிரம் போடுங்கள். வழக்கறிஞர் வைத்தால் கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள்.

தீர்ப்பு வந்ததும் திருத்தப்பட்ட பி.பி.ஓ. வெளியாகி, ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) கணக்கில் தொகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் கையில் இருந்தும் ஸ்பர்ஷில் பழைய 30-லேயே மாதக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. அப்படி நின்றால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும்.

கால் மரத்துப்போவதை மட்டும் வழக்கு முடியட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள். ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் காட்டி, ரெஃபரல் வாங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பியல் நிபுணரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். ஊனம் 50-ஐத் தொடும் என்று அவர் தெளிவாக எழுதிக்கொடுத்தால், 50-க்கான ஆர்டர் கைக்கு வந்தபின் ரிவ்யூ போர்டு பற்றிப் பேசலாம்.