வசனம் புரிய வேண்டும்: ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

கேள்வி: 2011-ல் வாங்கிய 5.1 டிவிடி ஹோம் தியேட்டர் செட் வைத்திருக்கிறோம். டிவிடி தட்டு இப்போது திறப்பதே இல்லை. போன மாதம் 55 அங்குல டிவி வாங்கினோம். படம் அருமை, சத்தம்தான் சரியில்லை. அப்பாவுக்கு 74 வயது. வசனம் வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறார், சண்டைக் காட்சி வந்தால் பதறிப்போய்க் குறைக்கிறார். ஒரு படம் முடிவதற்குள் நூறு தடவை ரிமோட்டை அமுக்குகிறார். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. ரிசீவரை முதலில் மாற்றலாமா, ஸ்பீக்கரையா? ஹால் 14 அடிக்கு 11 அடி.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் செலவில்லாத ஒரு வேலை. இன்று ராத்திரியே செட்டின் மெனுவில் சென்டர் ஸ்பீக்கரின் அளவை 3 டெசிபல் ஏற்றுங்கள். 'நைட் மோடு' அல்லது 'டிஆர்சி' என்று ஏதாவது இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். உரத்த சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள தூரத்தை அது குறைக்கும். அப்பாவின் ரிமோட் வேலை பாதியாகக் குறைந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பணம் வேண்டும்.

5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் அடித்தட்டு ஒலிக்கு ஒரு ஊஃபரும் உள்ள அமைப்பில், வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. உங்கள் செட்டில் அது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே இரண்டரை மூன்று அங்குலக் கோன். ஆண் குரலின் கனம் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்குகிறது. அவ்வளவு சின்னக் கோனால் அதைத் தர முடியாது. அதனால் குரலின் அடிப்பகுதி மூலையில் கிடக்கும் ஊஃபரிலிருந்தும், மேல்பகுதி டிவிக்குக் கீழேயிருந்தும் வருகிறது. பேசுகிறவரின் நெஞ்சு ஒரு இடம், வாய் வேறு இடம் என்றால் வயதான காதுக்கு எப்படிப் பிடிபடும்?

ரிசீவர் என்பது ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுக்கும் பெட்டி. பழைய ஸ்பீக்கரோடு புது ரிசீவர் மட்டும் வாங்க வேண்டாம். ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். இந்த வகை செட்டுகளில் 3 ஓம்ஸ் அல்லது 4 ஓம்ஸ் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஓம்ஸ் என்பது மின்தடையின் அளவு, அது குறையக் குறைய ஸ்பீக்கர் அதிகக் கரண்டை இழுக்கும். கடையில் தனியாக விற்கும் சாதாரண ரிசீவர்கள் 6 முதல் 8 ஓம்ஸுக்குச் செய்யப்பட்டவை. மாட்டினால் பாடும், சத்தம் ஏற ஏற ரிசீவர் சூடாகி, 'புரொடெக்‌ஷன்' காட்டி அணைந்துவிடும். ஊஃபருக்கும் தனியாக ஆம்ப்ளிஃபயர் இருக்காது, பழைய யூனிட்தான் அதற்குச் சக்தி கொடுக்கும். புது ரிசீவரிலோ ஊஃபருக்கு வெறும் சிக்னல் மட்டும்தான் வெளியே வரும். ஆக, பழையது மொத்தமாகப் படுக்கையறை டிவிக்குப் போகட்டும். டிவிடி திறக்காவிட்டாலும் ஆக்ஸ் இன்புட் வேலை செய்யுமே.

45,000 என் கையில் இருந்தால் 20,000-க்குள் யாரோ பயன்படுத்திய ஒரு பழைய ரிசீவர், மீதி 25,000-க்கு முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்கள் என்று பிரிப்பேன். பின் ஸ்பீக்கரும் ஊஃபரும் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கலாம். ஐந்தையும் சேர்த்து மட்டமாக வாங்குவதைவிட மூன்றை நன்றாக வாங்குவது மேல்.

பழைய ரிசீவர் என்றதும் பயப்பட வேண்டாம். 4கே படமெல்லாம் அதன் வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. செட் டாப் பாக்ஸ், ஸ்டிக் எல்லாவற்றையும் டிவியில் செருகிவிட்டு, டிவியின் 'ஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ ஓட்டையிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரிசீவருக்கு இழுத்தால் போதும். சத்தம் மட்டும் இறங்கி வரும். ஏஆர்சி 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அந்த வசதி இருக்கும் பத்து வருடப் பழைய ரிசீவரும் உங்கள் 5.1-க்கு நிறைவாகப் போதும். புதிய 'இஏஆர்சி' புளூ ரே வைத்து டால்பி ட்ரூஎச்டி கேட்பவர்களுக்குத்தான் தேவை.

வாங்கப் போகும்போது 6 அல்லது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஒன்றையும் கொஞ்சம் வயரையும் கையோடு எடுத்துப் போங்கள். மெனுவில் இருக்கும் டெஸ்ட் டோனை ஓடவிட்டு ஒவ்வொரு சானலிலும் அந்த ஸ்பீக்கரை மாட்டிப் பாருங்கள். அரைமணி நேரம் பாடவிட்டு மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்று விடாமல் சோதியுங்கள், பழைய ரிசீவரில் முதலில் போவது அதுதான். ஹாலில் ஒலியை அளக்கும் செட்டப் மைக் கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது 120 வோல்ட். தெரியாமல் நம் வீட்டு பிளக்கில் செருகி, புகை வந்தபிறகு என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு.

மூன்று ஸ்பீக்கரும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரு பாத்திரம் திரையில் இடமிருந்து வலம் நடந்தாலும் குரல் மாறாது. இடமும் வலமும் ஐந்து அல்லது ஆறரை அங்குலக் கோன் உள்ள புக்‌ஷெல்ஃப் போதும். உங்கள் ஹாலுக்கு ஆளுயர டவர் வேண்டாம். அட்டைப்பெட்டியில் வாட்ஸைப் பார்க்காதீர்கள், 'சென்சிட்டிவிட்டி' என்ற வரியைப் பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 89 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் அதே சத்தத்துக்கு 89-க்குப் பாதி சக்தி போதும்.

பணம் இடித்தால் இடம், வலம் இரண்டை மட்டும் வாங்கி, மெனுவில் 'சென்டர் இல்லை' என்று போடலாம். அப்போது வசனம் இரண்டிலும் சமமாகப் பிரிந்து, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் எந்த ஸ்பீக்கர் பக்கமோ அந்தப் பக்கமே குரல் இழுக்கும். எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், அப்பாவின் ஈசி சேர் ஹாலின் நடுவில் இருப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் சென்டரைத் தள்ளிப்போடாதீர்கள். அதேபோல் ஊஃபர் வரும்வரை 'சப்வூஃபர் இல்லை' என்று மெனுவில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடித்தட்டு ஒலியை இல்லாத ஊஃபருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இனி வைக்கும் இடம். என் அம்மா ஒரு வருடம் முழுக்க, 'என்ன பேசறானுங்கன்னே தெரியல' என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதுக்கு டாக்டரிடம்கூடக் கூட்டிப் போனேன். ஒருநாள் அம்மாவின் நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸ் தட்டின் உள்ளே ஒரு முழம் தள்ளி, என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்தேன். பையனின் பென்சில் பாக்ஸிலிருந்து இரண்டு ரப்பரை எடுத்து முன்பக்கத்துக்கு அடியில் வைத்து, முகம் நாற்காலியைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். அன்று இரவு செய்தி ஓடும்போது அம்மா தானாகவே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அந்த ரப்பர் இரண்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஷோகேஸ் என்று இருந்தால் 'டர்ர்' என்று ஒரு சிலிர்ப்பு திரும்பி வரும். எழுத்துகளை மழுங்கடிப்பது அதுதான். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் ஒரு கனத்த ஜமுக்காளம் விரியுங்கள். பவானி உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே, தேடி அலைய வேண்டியதில்லை. சன்னலுக்குக் கனமான திரை போட்டால் இன்னும் நல்லது.

ரிசீவரின் மைக்கை வைத்து அளவெடுக்கும்போது அப்பா உட்காரும் நாற்காலியில், அவர் காது உயரத்தில் மைக்கை வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். குக்கர் விசில் அடிக்கிற நேரம் வேண்டாம். வயர் 16 கேஜ் செம்பு போதும். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் 1994-ல் ஆசையாக வாங்கிய பெரிய ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது. அவர் இப்போது இல்லை. ஊஃபரைச் சுற்றியுள்ள வளையம் தொட்டால் கறுப்புப் பொடியாக உதிர்கிறது. கடையில் 'தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க' என்கிறார்கள். மகன் புது ரிசீவர் வாங்கப் போகிறான். இதை அதில் சேர்க்க முடியுமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தூக்கிப் போடவே போடாதீர்கள் அம்மா. உதிர்வது ஃபோம் வளையம் மட்டும்தான். காற்றின் ஈரம் அந்தப் பாலியூரித்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கடற்கரை ஊர் என்பதால் உங்களுக்கு அது சீக்கிரமே நடந்திருக்கும். கோன், காந்தம், காயில் எல்லாம் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மகனிடம் சொல்லி ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக வைத்து, மெல்ல உள்ளே அழுத்தி விட வேண்டும். சத்தமில்லாமல் போய்வந்தால் காயில் சுகம். மணல் உரசுவதுபோல் 'கரகர' என்றால் காயில் உரசுகிறது, செலவு கூடும். வளையம் மாற்றும்வரை பாட்டுப் போட வேண்டாம். பிடிமானம் இல்லாத கோன் ஆடி ஆடிக் காயிலைக் கெடுத்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவிலும், பெரிய ஊர்களில் ஸ்பீக்கர் கோன் மாற்றுகிறவர்களிடமும் வளையம் கிடைக்கும். கோன் எத்தனை அங்குலம் என்பது மட்டும் போதாது. வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் ஸ்கேலில் அளந்து எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் அதிக நாள் உழைக்கும் என்றாலும் ஃபோமைவிடக் கனம், குரலை மாற்றிவிடும். ஃபோமுக்கு ஃபோமே போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பின்னால் 8 ஓம்ஸ் என்றோ 6 ஓம்ஸ் என்றோ எழுதியிருந்தால் புது ரிசீவரில் தாராளமாக மாட்டலாம். அவர் கேட்ட அதே குரலில் நீங்கள் திரும்பவும் பாட்டுக் கேட்கலாம் என்பது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் '10,000 வாட்ஸ்' 5.1 செட் 6,000 ரூபாய். கம்பெனி ரிசீவர் 70 வாட்ஸ்தான், விலையோ ஐந்து மடங்கு. ஏன் சார்?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: அந்தச் செட்டைத் திருப்பி, கரண்ட் வயர் போகும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள் தம்பி. 'பவர் கன்ஸம்ப்ஷன்' 60 வாட்ஸ், 80 வாட்ஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும். சுவரிலிருந்து 80 வாங்கிக்கொண்டு பாட்டாக 10,000 கொடுக்க முடியுமா? அது 'பிஎம்பிஓ' என்ற கணக்கு, எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத எண். 70 வாட்ஸ் என்று எழுதியவர் எத்தனை ஓம்ஸில், எத்தனை சானல் ஒரே நேரத்தில் ஓடும்போது, எவ்வளவு சதவீதச் சிதைவோடு என்பதையும் எழுதியிருந்தால், '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை' என்றும் போட்டிருந்தால், அந்த 70-ஐ நம்பலாம். 6,000 ரூபாய்தான் முடியும் என்றால் ஐந்து ஸ்பீக்கர் கேட்காமல் நல்ல இரண்டு ஸ்பீக்கர் செட்டாகப் பாருங்கள்.

கேள்வி: புது ரிசீவர் மாட்டியதிலிருந்து பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். கடைக்காரர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கழற்றாதீர்கள். எர்த் உங்கள் உயிருக்கான காவல். மாடியில் டிஷ் அல்லது கேபிள் டிவி வயர் இருக்கிறதல்லவா, அதை செட் டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் இரண்டு பக்கமிருந்தும் வந்து வளையமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வயருக்கு நடுவில் போடும் ஐசோலேட்டர் கேட்டு வாங்குங்கள். டிஷ் என்றால் அதற்கேற்றதாகக் கேட்க வேண்டும், அந்த வயரில்தான் மாடிக்குக் கரண்டும் போகிறது. டிவி, பாக்ஸ், ரிசீவர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். கழற்றியும் நிற்கவில்லை என்றால், வீட்டு எர்த்தைச் சோதிக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.