கணினியில் ஸ்கிரிவனர், கையில் ஆண்ட்ராய்டு: ஒரே நாவலை இரண்டிலும் எழுத

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் ஸ்கிரிவனர் 3 என்ற எழுத்து மென்பொருளை வைத்து நாவல் எழுதுகிறேன். பஸ்ஸில் போகும் நேரத்தில் ஆண்ட்ராய்டு போனில் தொடரலாம் என்று, புராஜெக்டை அப்படியே ஒரு கிளவுட் டிரைவுக்கு மாற்றினேன். போனில் திறக்கவே வழியில்லை. இப்போது லேப்டாப்பிலும் இரண்டு அத்தியாயங்கள் காலியாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் காணாமல் போன அத்தியாயங்களைப் பார்ப்போம், ஏனென்றால் இதில் தாமதம் ஆபத்து. ஸ்கிரிவனர் ஒவ்வொரு முறை புராஜெக்டை மூடும்போதும் தானாக ஒரு பேக்கப் எடுக்கும். ஆனால், நீங்கள் அமைப்பை மாற்றாதவரை, கடைசி 5 பேக்கப்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 'என்ன ஆச்சு பார்ப்போம்' என்று திறந்து திறந்து மூடினால், ஒவ்வொரு தடவையும் நல்ல பிரதி ஒன்று போய், காலி அத்தியாயம் உள்ள பிரதி உள்ளே வரும். எனவே ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், பேக்கப் பகுதிக்குப் போய் அங்கிருந்தே பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். அதன் பிறகு புராஜெக்டை மூடலாம். அந்த நகல்களை ஒவ்வொன்றாக டெஸ்க்டாப்பில் விரித்துத் திறந்து பாருங்கள். அத்தியாயங்கள் முழுதாக இருக்கும் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதே அமைப்பில் 5 என்பதை 25 ஆக்கி, ஜிப் செய்யும் (ஒரே ஃபைலாகச் சுருக்கும்) வசதியையும் டிக் செய்துவிடுங்கள். பேக்கப் இருக்கும் இடமும் நாவல் இருக்கும் இடமும் ஒரே கிளவுட் ஃபோல்டராக இருக்கவே கூடாது.

இது ஏன் நடந்தது? ஸ்கிரிவனர் புராஜெக்ட் என்பது ஒரு ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். விண்டோஸில் அதைத் திறந்தாலே தெரியும்: அத்தியாயங்களின் வரிசையை வைத்திருக்கும் ஒரு அட்டவணை ஃபைல், அதோடு ஒவ்வொரு காட்சிக்கும் நீண்ட குறியீட்டுப் பெயருடன் தனித்தனி ஃபோல்டர், அதற்குள் உங்கள் எழுத்து ஆர்டிஎஃப் என்ற, தடிப்பு, சாய்வு போன்றவற்றையும் சேர்த்து வைக்கும் வடிவில். பெரிய நாவலில் இப்படி நூற்றுக்கணக்கான ஃபைல்கள் சேரும். நீங்கள் தட்டச்சை நிறுத்தி 2 விநாடி ஆனதும் ஸ்கிரிவனர் சேமித்துவிடும். கிளவுட் செயலியோ அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற்றும். பாதியில் லேப்டாப்பை மூடினால் அட்டவணை புதிது, காட்சி பழையது என்று ஆகிவிடும். 'ஆன்லைனில் மட்டும்' என்ற அமைப்பில் ஃபோல்டர் இருந்தால் இன்னும் மோசம்: பெயர் மட்டும் லேப்டாப்பில் இருக்கும், உள்ளடக்கம் இறங்கியிருக்காது. காலி அத்தியாயத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அந்த ஃபோல்டரை 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று மாற்றி, எல்லாம் இறங்கும்வரை பொறுத்துப் பாருங்கள். சில சமயம் அதிலேயே அத்தியாயம் திரும்பிவிடும்.

ஆண்ட்ராய்டுக்கு ஸ்கிரிவனர் கிடையாது. ஐபோன், ஐபேடுக்குத்தான் உண்டு. அங்கே டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேவை வழியாகப் புராஜெக்டே போய்வரும். உங்களுக்குச் சரியான வழி, புராஜெக்டை லேப்டாப்பிலேயே விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் வெளியே அனுப்பி வாங்குவது. இதற்கான கருவி ஸ்கிரிவனருக்குள்ளேயே இருக்கிறது.

டிராப்பாக்ஸில் இந்த நாவலுக்கென்றே காலியான ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். இலவசக் கணக்கில் கிடைக்கும் 2 ஜிபி, வெறும் எழுத்துக்கு தாராளம். ஸ்கிரிவனரில் ஃபைல், சிங்க், வித் எக்ஸ்டர்னல் ஃபோல்டர் என்று போய் அதைக் காட்டுங்கள். நாவலின் எழுத்து இருக்கும் டிராஃப்ட் பகுதியை ஒத்திசைக்கச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் (காட்சியின் அப்போதைய பிரதி) எடு என்பதற்குக் கட்டாயம் டிக் வேண்டும்: ஒரே காட்சியை இரண்டு இடத்திலும் திருத்திவிட்டால், பழைய பிரதியை மீட்க உங்களுக்கு இருக்கும் எளிதான பிடி அதுதான். புராஜெக்டைத் திறக்கும்போது சரிபார்த்து, மூடும்போது ஒத்திசைக்கும் வசதியையும் டிக் செய்யுங்கள். ஃபைல் பெயருக்கு முன் எண் சேர்த்தால் போனில் காட்சிகள் வரிசையாக நிற்கும்.

வடிவம் கேட்கும் இடத்தில் ஆர்டிஎஃப் வேண்டாம், பிளெய்ன் டெக்ஸ்ட் (வெறும் எழுத்து மட்டும்) வையுங்கள். ஆர்டிஎஃப் தமிழ் எழுத்தை எண்ணாக எழுதிவைக்கும். 'அ' அதற்குள் \u2949 என்றுதான் கிடக்கும். போனில் உள்ள எளிய எடிட்டர்கள் அதை அப்படியே காட்டும், ஒரு வரிகூடப் படிக்க முடியாது. பிளெய்ன் டெக்ஸ்டில் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் போகாது. அடிக்குறிப்பும் படமும் உள்ள காட்சிகளைப் போனில் தொடாதீர்கள்.

போனில் இரண்டு செயலிகள் போதும். டிராப்பாக்ஸின் சொந்தச் செயலி முழு ஃபோல்டரையும் போனில் இறக்கி வைத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்காது என்பதால், அதைச் செய்யும் ஆட்டோசிங்க் போன்ற ஒரு செயலி வேண்டும். இருவழி ஒத்திசைவு என்று அமையுங்கள். எழுதுவதற்கு மார்கோர் (Markor) என்ற இலவச எடிட்டர் நன்றாக இருக்கும், நெட் இல்லாமலும் வேலை செய்யும். போனின் பேட்டரி சிக்கனம் ஆட்டோசிங்கைப் பின்னணியில் நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

இனி எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. கிளம்பும் முன் ஸ்கிரிவனரை மூடுங்கள், டிராப்பாக்ஸ் பச்சை டிக் காட்டும்வரை லேப்டாப்பை மூடாதீர்கள். போனில் ஆட்டோசிங்கை ஒருமுறை நீங்களே ஓட்டிவிட்டு எழுதத் தொடங்குங்கள். வீடு திரும்பியதும் மறுபடி அதை ஓட்டி, லேப்டாப்பில் பச்சை டிக் வந்த பிறகே ஸ்கிரிவனரைத் திறங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைத் தொடக் கூடாது. அதை வைத்துத்தான் இது எந்தக் காட்சி என்று ஸ்கிரிவனர் கண்டுகொள்கிறது. பெயர் மாற்றுவது, அழிப்பது, வரிசை மாற்றுவது எல்லாம் லேப்டாப்பில் மட்டும். புதிய காட்சி தோன்றினால் டிராஃப்ட் ஃபோல்டரில் புது ஃபைலாக எழுதுங்கள், அது உள்ளே வந்து சேரும்.

பழைய அத்தியாயங்கள் பாமினி போன்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது: 'கொ' என்பதை ஒற்றைக் குறி 'ொ' வைத்தும் சேமிக்கலாம், 'ெ', 'ா' என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். லேப்டாப் கீபோர்டும் போன் கீபோர்டும் வேறுவேறு விதமாகச் சேமித்தால், 'கொடி' என்று தேடும்போது பாதி இடங்கள் அகப்படாது. பாத்திரத்தின் பெயரை நாவல் முழுக்க மாற்றும் நாளில் இது வலிக்கும். இரண்டிலும் ஒரு சொல்லை அடித்து, ஸ்கிரிவனரில் தேடிப் பார்த்துவிடுங்கள். ஒத்துவராவிட்டால் போனில் வேறு தமிழ் கீபோர்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

முதல் சோதனையை நாவலில் செய்யாதீர்கள். மூன்று காட்சிகள் உள்ள ஒரு பொய் புராஜெக்ட் உருவாக்கி, ஒரு நாள் அதில் போய்வந்து பாருங்கள்.