சீல் ரெண்டு தடவை மாத்தியும் ஆயில் ஒழுகுதா? முதல்ல பிரீதரைப் பாருங்க

தம்பி, போடியிலிருந்து பூப்பாறைக்கு ஏலத்தோட்டத்து ஆளுங்களை ஏத்துற பழைய டீசல் ஜீப், பின்பக்கக் கிராங்க் சீலை (இன்ஜின் கிராங்க் தண்டோட பின்முனையில ஆயிலைத் தடுக்குற வளையம்) ரெண்டு தடவை மாத்தியும் மேடு ஏறினா ஒழுகுதுன்னு எழுதியிருந்தீங்க. மூணாவது தடவை கியர் பாக்ஸை இறக்காதீங்க, பொறுங்க.

இன்ஜின் சூடானதும், ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. புகை குபுகுபுன்னு தள்ளினா உள்ளே அழுத்தம் ஏறுது. அந்தப் புகையை வெளியே விடுற பிரீதர் குழாய் அடைச்சிருக்கலாம். டீசல்ல கழுவி, ஊதி மாட்டுங்க. அப்பவும் தள்ளினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கும். அந்த நிலையில எந்தச் சீலும் நிக்காது.

அடுத்து, ஒழுகல் எங்கேயிருந்து வருதுன்னு பாருங்க. இன்ஜின் தலையில இருக்குற டேப்பட் கவர் பேக்கிங்ல கசிஞ்சு, இன்ஜின் முதுகு வழியா இறங்கி, பெல் ஹவுசிங்ல (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல இருக்குற கூடு) சொட்டும். பார்த்தா சீல் போனது மாதிரியே இருக்கும். நானே அப்படி ஏமாந்து ஒரு சீலை வீணாக்கியிருக்கேன். நல்லாக் கழுவித் துடைச்சு, பவுடர் தூவி (அவசரத்துக்கு நான் திருநீறுதான்) ஒரு நடை போடிமெட்டு போயிட்டு வாங்க, தடம் தெரிஞ்சிடும். கந்தக வாடை அடிச்சா அது கியர் ஆயில், இன்ஜின் மேல பழியே இல்ல.

சீல்தான்னு உறுதியானா, கிராங்க்ல அது உரசுற இடத்தை நகத்தால தடவிப் பாருங்க. பள்ளம் தட்டினா, இடம் இருந்தா புதுச் சீலை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைங்க. இல்லேன்னா பள்ளத்து மேல ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போடுங்க. சீல் உதட்டுல (கிராங்க்ல உரசுற உள்விளிம்பு) ஆயில் தடவாம மாட்டாதீங்க, வறண்டு உரசிக் கெட்டுடும். கிளச் பிளேட் நனைஞ்சிருந்தா அதையும் பார்த்துடுங்க, மேட்டுல வழுக்கும்.