தொப்பையும் பெருங்குடலும்: இரைப்பை, குடல் மருத்துவரின் பதில்கள்

உடல் பருமனுக்கும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் உள்ள தொடர்பு பற்றி வந்த கேள்விகளில் சில.

வயது 47, உயரம் 165 செ.மீ., எடை 72 கிலோ. பார்வைக்குக் குண்டாகத் தெரியமாட்டேன், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. எனக்குமா ஆபத்து? (வங்கி ஊழியர், திருநெல்வேலி)

‘வயிறு மட்டும்’ என்கிறீர்களே, கவனிக்க வேண்டியதே அதைத்தான். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு, 26.4. ஐரோப்பியக் கணக்கில் 30-ஐத் தொட்டால்தான் உடல் பருமன். நம்மவர்களுக்கு 23-லேயே எடை அதிகம், 25-லேயே பருமன். நாம் ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் உடல்வாகு கொண்டவர்கள்.

தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடும் இடத்தில் அளந்து ‘34 அங்குலம்தான் டாக்டர்’ என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் சுரக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதால், உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையைக் கவனிப்பதோடு நிற்பதில்லை, செல்களைப் பெருகச் சொல்லும் ஹார்மோனும்கூட. குடலின் உட்சுவரில் ஏற்கெனவே வேகமாகப் புதுப்பிக்கப்படும் செல்களுக்கு இது கூடுதல் தூண்டுதல். அங்கே பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி தோன்றி, அவற்றில் சில பல ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுவதற்கும் இது ஒரு காரணம்.

ஆபத்து எவ்வளவு கூடும்? பயமுறுத்தாமல் சொல்லுங்கள். (இல்லத்தரசி, ஈரோடு)

உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 1.3 மடங்கு. ஒரு பேச்சுக்கு, நூறு பேரில் மூவருக்கு வரக்கூடிய நோய் நால்வருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களைவிட ஆண்களுக்கு இந்தத் தொடர்பு வலுவாக இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, கூடுதல் கொழுப்போடு தொடர்புள்ளவை என்று 2016-இல் 13 வகைப் புற்றுநோய்களைச் சொன்னது. பெருங்குடல் அதில் உண்டு.

நான் ஒல்லி. எனக்குப் பரிசோதனை வேண்டாம்தானே?

வேண்டும். வயதுதான் முதல் காரணம். குடும்ப வரலாறு, புகை, மது எல்லாம் ஒல்லியானவர்களையும் விடுவதில்லை.

எந்த வயதில் தொடங்குவது? எடை அதிகம் என்றால் முன்னதாகவா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

அமெரிக்கப் பரிந்துரை 2021-இல் 50-லிருந்து 45-க்கு இறங்கியது. சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து. இந்தியாவில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் உண்டு. பெருங்குடலுக்கு நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

எடைக்காக மட்டும் வயதைக் குறைக்கும்படி அந்தப் பரிந்துரைகள் சொல்லவில்லை. குடும்ப வரலாற்றுக்குச் சொல்கின்றன: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தையதோ அப்போது. என் சொந்த வழக்கம்: தொப்பை, சர்க்கரை, புகை மூன்றும் சேர்ந்தவர் 45-இல் வந்தால் ‘ஐந்து வருடம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்புவதில்லை.

கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்குப் பயந்தால் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் ஃபிட் பரிசோதனையில் தொடங்கலாம். மனித ரத்தத்தை மட்டுமே அது கண்டறிவதால் முந்தைய நாள் கறி சாப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை. ஆனால் ரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோபி கட்டாயம். ‘அது மூலநோயாக இருக்கும்’ என்று அந்தக் காகிதத்தை மடித்து அலமாரியில் வைப்பவர்கள்தான் எனக்குத் தலைவலி.

ஒரே ஆண்டில் நடந்து நடந்து 10 கிலோ குறைத்துவிட்டேன். இனியும் தேவையா? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

முதலில் ஒரு கைகுலுக்கல். ஆனால் ஏற்கெனவே முளைத்த பாலிப் நடைப்பயிற்சியால் உதிர்ந்துவிடாது. அதைக் கண்டுபிடித்துக் கொலனோஸ்கோபியின்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

என் எடை 104 கிலோ. கொலனோஸ்கோபி செய்ய முடியுமா? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

தாராளமாக. மூன்று விஷயங்களை முன்பே சொல்லிவிடுங்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். எடை குறைக்க வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டால் அதையும் சொல்லுங்கள், அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மூன்றாவது, பருமனானவர்களுக்குக் குடல் சரியாகச் சுத்தமாகாமல் போவது அதிகம். பேதி மருந்தைப் பாதி குடித்து மீதியைக் கழிவறையில் கொட்டினால், பாலிப் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூன்று மாதத்தில் 8 கிலோ தானாகக் குறைந்தது, அப்பாவுக்கு 58 வயது. சொந்தக்காரர்கள் ‘இளைத்து அழகாகிவிட்டார்’ என்கிறார்கள். கொஞ்சம் சோர்வாக மட்டும் இருக்கிறார். (கல்லூரி மாணவி, மதுரை)

அவர்கள் பாராட்டட்டும், நீங்கள் இந்த வாரமே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முயலாமல் குறைந்த எடைக்குச் சர்க்கரை, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்று வந்தால், மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். ரத்தம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அப்பாவுக்கு இப்போது தேவை ஃபிட் அல்ல, நேரடியாகக் கொலனோஸ்கோபியே தேவைப்படலாம்.