டானிக்கை விடுங்கள், புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 1,500 மீன் விட்டு ஏழு மாதம் ஆகிறது. மிதவைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை. ஒன்றரை மாதமாகக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் தினம் 15 கிலோ தூவி, அசோலா என்ற நீர்ப்பெரணியும் போடுகிறேன். இப்போது விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து திணறுகின்றன. தினம் இரண்டு மூன்று செத்து ஒதுங்குகின்றன. எடை 300 கிராமிலேயே நிற்கிறது. கடைக்காரர் ஈரல் டானிக் கலந்து கொடுக்கச் சொல்கிறார். எது நல்ல டானிக்?

பதில்: எதுவும் வேண்டாம். முதலில் இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். விடியற்காலையில் மோட்டார் போட்டு, தண்ணீர் மேலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். வெயில் ஏறியதும் திணறல் அடங்கினால் அது பிராண வாயுக் குறைவுதான். 1,500 மீன், ஆளுக்கு 300 கிராம் என்றால் மொத்தம் 450 கிலோ. அதற்கு 2 சதவீதம், அதாவது 9 கிலோ போதும். மிச்சம் 6 கிலோ தினமும் அடியில் அழுகி, தண்ணீரிலுள்ள பிராண வாயுவைத் தின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் புண்ணாக்கு எப்படிப்பட்டது? செத்து அதிக நேரம் ஆகாத மீன் ஒன்றின் வயிற்றைக் கீறிப் பாருங்கள். ஈரல் செம்பழுப்பாக இல்லாமல் வெளுத்து மஞ்சளாக இருந்தால், முதல் சந்தேகம் புண்ணாக்கின் மேல்தான். ஒரு கட்டியை உடைத்து மூக்கருகே கொண்டுபோங்கள். நல்ல புண்ணாக்கு வறுத்த கடலை மாதிரி மணக்கும். மக்கல் வாடை அடித்தாலோ, பிளவுக்குள் பச்சை மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தாலோ குளத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஈரம் பட்ட கடலையில் வளரும் பூஞ்சாணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் புண்ணாக்கிலும் அது இருக்கலாம் என்பதால், சந்தேகம் தீராவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் நனைந்த மூட்டையை ‘மீனுக்குத்தானே’ என்று விலை குறைத்துத் தள்ளிவிடும் வியாபாரிகள் இருக்கிறார்கள். மாட்டுக்காரர் திருப்பி அனுப்பிய சரக்கு அது. அதைத் தின்று கெட்ட ஈரலுக்கு டானிக் விற்பதும் பல இடங்களில் அதே கடைதான். செக்கில் நேராக வாங்குங்கள், பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். மூட்டை தரையில் படாமல் பலகை மேல் இருக்கட்டும்.

மிதவைத் தீவனத்தை விட்டது தப்பே இல்லை. உங்கள் மூன்று மீனும் கெண்டை வகைதான்; கெண்டைக்கு மீன்தூள் சேர்த்த தீவனம் அவசியமில்லை. மனிதர் சாப்பிடக்கூடிய மத்தியை அரைத்துக் கெண்டைக்குப் போடுவது எனக்கு ஒப்பாத காரியம். ஆனால் அசோலாவை நம்பி இருந்துவிடாதீர்கள். பத்து கிலோ பச்சை அசோலாவில் ஒன்பது கிலோவுக்கு மேல் தண்ணீர்தான், புரதம் நூறு கிராம் சொச்சம் தேறும். அதை ஆசையாகத் தின்பது புல்கெண்டை, உங்களிடம் அது இல்லை. அடுத்த முறை ஐம்பது விடுங்கள்.

அப்புறம், தூவுவதை இன்றோடு விடுங்கள். ஆந்திராவில் கெண்டை வளர்ப்பவர்கள் செய்கிற மாதிரி, பழைய சாக்கின் அடியில் இரண்டு வரிசை ஓட்டை போட்டு, புண்ணாக்கும் எண்ணெய் நீக்கிய தவிடும் கலந்து நிரப்பி, மூங்கில் நட்டுக் கட்டுங்கள். உங்கள் குளத்துக்கு நான்கு சாக்கு போதும். கரையில் நின்று பார்த்தால் மீன் ஓட்டையில் வாய் வைத்து இழுக்கும்போது சாக்கு ஆடுவது தெரியும். இரண்டு மணி நேரம் கழித்தும் சாக்கு கனத்தால் மறுநாள் ஒரு கிலோ குறையுங்கள். மேகமூட்டமான காலையில் கட்டவே வேண்டாம்.

சாவு ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் உயிரோடு இரண்டு மீனைத் தண்ணீர்ப் பையில் போட்டு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போங்கள். நின்றுவிட்டால், பதினைந்தாம் நாள் வலை இழுத்து இருபது மீனை எடை போட்டு எனக்கு எழுதுங்கள்.