கேளுங்கள், சொல்கிறோம்: செர்ரிப் பூவும் ஊலாங் டீயும்

கே: ஏப்ரல் முதல் வாரம் ஆபீஸ் வேலையாக டோக்கியோ போகிறேன். அங்கே இருப்பவர்கள் உயேனோ பூங்காவில் செர்ரிப் பூ பார்த்துவிட்டு, சாயங்காலம் குடிக்கப் போகலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. போனால் தர்மசங்கடமாகிவிடுமா?
(வாசகர், கோவை)

ப: தாராளமாகப் போங்கள். மது கிடக்கட்டும், முதலில் ஓட்டையில்லாத சாக்ஸ் எடுத்து வையுங்கள். மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்திருப்பார்கள், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏற வேண்டும். இரவு போகிற கடையிலும் பாய் விரித்த அறை கிடைத்தால் அதே கதைதான். அப்புறம் ஸ்வெட்டர். பூக்கிற சமயத்தில் திரும்பி வரும் குளிருக்கு ஹனாபியே என்று தனிப்பெயரே உண்டு. நான் போன அன்று நாலு மணிக்கு மேல் தார்ப்பாய் வழியாகத் தரையின் ஈரச் சில்லிப்பு ஏற ஆரம்பித்தது; மெஷினில் வாங்கிய சூடான டீ பாட்டிலைக் குடிக்க மனசில்லாமல் ரொம்ப நேரம் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன். அந்தக் குளிரில் காலையிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆபீஸில் சேர்ந்து சில நாளே ஆன பையனாக இருப்பார், பாவம். அங்கே ஏப்ரலில்தான் புது ஆட்கள் வேலையில் சேருவார்கள்.

சாயங்காலம் போவது இஸகாயா என்கிற, குடியும் சாப்பாடும் கிடைக்கும் கடைக்கு. உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத் துண்டும், நீங்கள் கேட்காமலேயே சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒரு தொடுகறியும் வரும். இதற்கு ஒதோஷி என்று பெயர். இலவசமில்லை, ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும், சண்டைக்குப் போகாதீர்கள். மற்றவர்கள் "இப்போதைக்கு பீர்" என்று ஆரம்பிக்கும்போது நீங்கள் "ஊலாங்சா" (ஊலாங் டீ) என்று சொன்னால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கிளாஸ் காலியானால் பக்கத்து ஆள் நிரப்பிவிடுவார், அதுதான் அங்கே மரியாதை. பதிலுக்கு நீங்களும் அவருக்கு ஊற்றுங்கள். பில்லை மட்டும் பெரும்பாலும் சமமாகப் பிரிப்பார்கள். டீ குடித்தவனும் பீர் குடித்தவனும் ஒரே தொகை தருவது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. டிப்ஸ் வேண்டாம். நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில், அதை விட்டால் டாக்ஸிக்கு அழ வேண்டும்.

கே: எல்லா மரமும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் பூப்பது எப்படி?
(வாசகி, திருநெல்வேலி)

ப: நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். நகரங்களில் அதிகம் இருக்கும் சோமேய் யோஷினோ ரகத்தை விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். எல்லாம் ஒரே மரத்தின் நகல் என்பதால் ஒரே ஊர்க் குளிரையும் வெயிலையும் ஒரே மாதிரி கணக்குப் போடுகின்றன. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரத்தில் 5, 6 பூ விரிந்தால்தான் வானிலைத் துறை 'பூத்துவிட்டது' என்று அறிவிக்கும். அதிலிருந்து ஒரு வாரம் போல ஆனால் மரம் முழுக்கப் பூ.

கே: உண்மையைச் சொல்லுங்கள், பூ பார்க்கப் போகிறார்களா, குடிக்கவா?
(வாசகர், சேலம்)

ப: 'பூவைவிடக் கொழுக்கட்டை மேல்' என்று அவர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது. பூ மட்டும் போதும் என்றால் ஷின்ஜுகு கியோயென் தோட்டத்துக்குப் போகலாம், அங்கே மது கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.