மின்வேலிக் கணக்கு எழுதிய பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய்மாமா. பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 192. இவர்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து விலை ஏறினால் மூச்சு விடலாம், இறங்கினால் கூலிக்கே கட்டாது. "பிள்ளை நன்றாக மார்க் வாங்கிவிட்டாள் சார், இப்போதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்றார் அப்பா. நல்ல மார்க்கோடு வரும் பயத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தேநீர் கொடுத்து ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன்.

பிறகு மாமா ஒரு தாளை மேசையில் வைத்தார். சமவெளியில் ஒரு தனியார் கல்லூரி. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த படிப்பு. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம். நன்கொடை 4 லட்சம், ஆண்டுக் கட்டணம் 1.75 லட்சம், விடுதிக்கு ஆண்டுக்கு 90 ஆயிரம். நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் 14.6 லட்சம். அதில் ஒரு பகுதிக்கு வங்கிக் கடன், மீதிக்குத் தோட்டத்தை ஈடு வைப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். புதன்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம்.

அந்த இடத்தில் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஐயா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நேரில் சொன்னதையே, இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுக்கும் அந்த 4 லட்சத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அது அம்மாவின் நகையிலிருந்தோ வெளி வட்டியிலிருந்தோதான் வர வேண்டும். கல்விக் கடனும் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். 8 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 80 ஆயிரம். இரண்டு ஏக்கர் கொழுந்தில், மருந்தும் உரமும் கூலியும் போக, 80 ஆயிரம் மிஞ்சிய ஆண்டுகள் எத்தனை என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் விரல் விட்டு எண்ணினார். ஒரு கையே போதுமாக இருந்தது. அதே படிப்பு வேண்டுமென்றாலும், 192 வைத்திருக்கும் பிள்ளைக்கு அரசுக் கலந்தாய்வில் நன்கொடை இல்லாமல் வேறு நல்ல கல்லூரிகளில் இடம் கிடைக்கும். ஒரு கல்லூரியின் பெயருக்காகத் தோட்டத்தைக் கொடுப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு பேசியும் மகள் வாய் திறக்கவில்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டதற்கும் தரையைத்தான் பார்த்தாள். அம்மாதான் குறையாகச் சொன்னார்: "எந்நேரமும் வேலிப் பேட்டரியோடுதான் சார் இருக்கிறாள்."

தோட்டத்துக் காய்கறிப் பாத்தியில் காட்டெருமையும் பன்றியும் இறங்காமலிருக்க சோலார் மின்வேலி போட்டிருக்கிறார்கள். அதன் பேட்டரியின் மின்னழுத்தத்தை இந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். நோட்டின் சில பக்கங்களைச் செல்பேசியில் படமாகக் காட்டினாள். வெயில் நாளில் 12.6 வோல்ட். ஜூலை மாதம் விடாத மூடுபனியில் 11.9. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "பத்து நாள் வெயில் அடித்தும் ஏன் பழைய அளவுக்கு ஏறவில்லை?"

இதைப் படித்தபோது எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவள் கேட்டிருப்பது மின்வேதியியலின் அசலான கேள்வி. ஈய பேட்டரி மின்சாரம் தரும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அரைகுறை மின்னேற்றத்தில் நாள்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு பெரிய படிகங்களாக இறுகிப்போகும். அதன்பின் எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுதாகக் கரையாது. பாடப்புத்தகத்தின் துணையில்லாமல், வேலியோரம் நின்று ஒரு குழந்தை இந்தப் பழுதின் வாசல்வரை வந்திருக்கிறாள்.

மாமா நல்ல மனிதர். அக்காள் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். "காலம் முழுக்க ஏ.ஐ. பக்கம் போகிறது சார், பேட்டரியை வைத்து என்ன செய்வாள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு தேசிய ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் செய்த வேலை 2024 ஜனவரியில் வெளியானது. பேட்டரிக்குள் பயன்படுத்தத்தக்க புதிய பொருளைத் தேடி, கணினியில் 3.2 கோடிக்கு மேற்பட்ட சேர்மங்களைச் செயற்கை நுண்ணறிவால் சலித்தார்கள். சலித்துச் சலித்து நின்றவை 18. அவற்றிலிருந்து ஒன்றை எடுத்து, லித்தியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சோடியத்தை வைத்து, லித்தியத் தேவையை 70 சதவீதம் வரை குறைக்கக்கூடிய திட மின்பகுபொருளை (பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே மின்னூட்டத்தைக் கடத்தும் பொருளை) உருவாக்கினார்கள். அதை வைத்துப் பேட்டரியும் செய்து பார்த்தார்கள்.

கணினி நின்ற இடம் அந்தப் 18. அதற்கப்பால் உலையில் வைத்துச் சுட்டது யார்? பொடியாக்கி அழுத்தியது யார்? மின்னோட்டம் விட்டு, ஏன் இங்கே தடை கூடுகிறது என்று நோட்டில் எழுதியது யார்? வேதியியல் படித்த மனிதர்கள். கணினி எவ்வளவு வேகமாகப் பட்டியல் போடுகிறதோ, அவ்வளவுக்கு அதைச் செய்து பார்த்துச் சரி தவறு சொல்லும் கைகளின் தேவை கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணினி ஓடவே நிறைய மின்சாரம் வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் ஃபிராண்டியர் என்ற மீக்கணினி 2022-இல் உலகின் மிக வேகமானதாக அறிவிக்கப்பட்டபோது, அந்த ஒரு இயந்திரம் எடுத்த மின்சாரம் சுமார் 21 மெகாவாட். நம் மலையில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் எதற்கு? மிஞ்சும் நேரத்து மின்சாரத்தால் நீரை மேலேற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் திரும்ப இறக்குவதற்கு. காற்றாலையும் சூரியத் தகடும் பெருகப் பெருக மின்சாரத்தைச் சேமிப்பதுதான் பெரிய சிக்கலாகி வருகிறது. அந்தச் சிக்கலின் சின்ன உருவத்தைத்தான் இந்தப் பெண் மூடுபனியில் நின்று அளந்திருக்கிறாள்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருக்கமாக 'சிக்ரி' என்பார்கள். அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் 37 தேசிய ஆய்வகங்களில் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரி, எரிபொருள் மின்கலம், உலோகப் பூச்சு, துருப்பிடித்தல் என்று மின்சாரமும் வேதியியலும் தொட்டுக்கொள்ளும் எல்லாவற்றையும் அங்கே ஆராய்கிறார்கள். பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு கிளை உண்டு. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க அதைவிடக் கடுமையான இடம் கிடைப்பது அரிது.

மலைப்பகுதிப் பெற்றோரில் பலருக்கு அடுத்த செய்தி தெரியாது. அந்த ஆய்வகத்துக்குள்ளேயே நான்காண்டு பி.டெக். நடக்கிறது. வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் என்பது படிப்பின் பெயர். பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. நம் பொறியியல் கலந்தாய்விலேயே அந்த இடங்கள் இருக்கின்றன. பாடம் நடத்துவதில் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே பங்கெடுக்கிறார்கள். பட்டம் முடித்து, அதன்பின் முனைவர் படிப்புக்குப் போகிறவர்கள் மட்டும் பார்க்கும் கருவிகளுக்குப் பக்கத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை நடமாடலாம். வகுப்பறைக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான் தூரம். இப்படிப்பட்ட இடம் இந்தியாவில் மிகச் சில. நன்கொடைக்கு அங்கே பேச்சே இல்லை. இடம் குறைவு, விவரம் தெரிந்தவர்கள் முதல் சுற்றிலேயே எடுத்துவிடுவார்கள். ஆகவே கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் நாற்பதாவதாகப் போட்டால் கிடைக்காது.

கணினியை அவள் கைவிடவும் வேண்டாம். முதலாண்டுப் பொறியியலிலேயே பைத்தான் வந்துவிடுகிறது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்திலிருந்து 2011-இல் தொடங்கிய 'மெட்டீரியல்ஸ் புராஜெக்ட்' என்ற தரவுத் தொகுப்பு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களின் பண்புகளைக் கணித்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அணுக்களின் அமைப்பைக் கணிக்கும் 'குவாண்டம் எஸ்பிரெசோ' மென்பொருளும் இலவசம்தான். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் கிடைக்கின்றன. மின்கலம் தெரிந்தவள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் அவளுக்குக் கேட்கக் கேள்வி இருக்கும். நிரல் மட்டும் தெரிந்து எதைக் கணிப்பது என்று தெரியாமல் நிற்கும் பட்டதாரிகளை நான் ஆண்டுதோறும் சந்திக்கிறேன்.

மாமா விடவில்லை. "இன்றைக்குப் பேட்டரி என்பீர்கள், நாளைக்கு அதுவும் போய்விட்டால்?" என்றார். ஊட்டியில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை கிடைத்தால் ஏழு தலைமுறைக்குக் கவலையில்லை என்று பேசிய மலை இது. டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிமுக்குத் தேவை போனது, ஆலையும் மூடியது. ஆலை இருந்த இடத்துக்கு இந்துநகர் என்ற பெயர் மிச்சமிருக்கிறது. ஆனால் அந்த ஆலையின் மூல வித்தை என்ன? ஓடும் சுருள்மீது ரசாயனக் குழம்பைத் தலைமுடியை விட மெல்லிய படலமாக, ஓரிடத்தில் கூடாமல் ஓரிடத்தில் குறையாமல் பூசுவது. இன்று லித்தியம் மின்கலம் செய்யும் ஆலைகளில் அலுமினியத் தகட்டிலும் செப்புத் தகட்டிலும் பசை பூசுவதும் ஏறக்குறைய அதே வித்தைதான். பொருள் போனாலும் அதற்கு அடியிலிருந்த அறிவு வேறொரு ஆலையில் வேலை செய்கிறது. அதனால்தான் பொருளின் பெயரைத் தாங்கிய படிப்பை விட அடிப்படையைச் சொல்லித்தரும் படிப்பை எடுக்கச் சொல்கிறேன். இந்தப் பெண் வேதிப் பொறியாளராகவும் வெளியே வருவாள். உரம், மருந்து, சுத்திகரிப்பு ஆலைகளும், நம் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை போன்றவையும் வேதிப் பொறியாளர் தேவைப்படும் இடங்களே.

மேலே படிக்க ஆசைப்பட்டால் அதற்கு வீட்டுப் பணம் வேண்டாம். கேட் தேர்வெழுதி எம்.டெக். போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் என்பதால் பட்டப்படிப்பு முடியும்வரை புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். வீட்டின் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இன்றே தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். மாமாவின் நிறுவனம் தரும் தொகைக்கு இவளுடைய முதல் வேலை ஈடாகாமல் போகலாம். உறவுக் கல்யாணங்களில் "என்ன படிக்கிறாள்?" என்ற கேள்விக்குப் படிப்பின் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டிவரும். இரண்டையும் தாங்கிக்கொள்ளுங்கள். கடனில்லாமல் படித்து வரும் பெண் இருபத்திரண்டு வயதில் பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியும். 14 லட்சம் தலையில் இருந்தால் முடியாது.

அம்மாவின் கவலை வேறு. மலையில் பிறந்த பிள்ளை செட்டிநாட்டு வெயிலைத் தாங்குமா என்று இரண்டு முறை கேட்டார். முதல் கோடை கஷ்டமாகத்தான் இருக்கும், அம்மா. மழைக்காலம் வந்ததும் சரியாகிவிடும். கம்பளியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பருத்தி உடை இரண்டு கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். கலந்தாய்வுக்கு முன்னால் ஒருமுறை மூவருமாகப் போய் அந்த வளாகத்தை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். மகள் அங்கே நின்று என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். அவள் எதையும் கேட்கவில்லையென்றால் என்னிடம் திரும்ப வாருங்கள், வேறு யோசிப்போம். அந்த இடம் கைகூடாவிட்டால் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஜாம் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகும் வழி இருக்கிறது. ஊட்டிக் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். ஆராய்ச்சிக்குப் போக அதுவும் நல்ல வாசல்.

புதன்கிழமைக் கெடுவை மறந்துவிடுங்கள். கலந்தாய்வு இணையதளத்தில் விருப்பப் பட்டியலை உங்கள் மகளே உட்கார்ந்து போடட்டும். வரிசையை அவளே முடிவு செய்யட்டும், மாமா பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை பார்த்தால் போதும். கடவுச்சொல்லை அவள் தன் மின்வேலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.